சோல் இசையும் ஓர் இந்தியக் குரலும்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் ‘சோல்’ இசையை ‘ஆத்துமப் பாடல்’ எனப் பெயர்த்தால் சொல்லளவில் சரியே. ஆயினும் அது ஞானப்பாட்டு அன்று. திருச்சபையில் பிறந்து வீதிக்கு வந்த இசை அது. பாடகர் ஓர் அடியை எழுப்பச் சபையார் மறுமொழி கூறுவதும், சொல் தீர்ந்த இடத்தில் குரலே மன்றாடுவதும் கறுப்பினச் சபைகளின் வழிபாட்டில் வளர்ந்த முறைகள். 1950களில் ரே சார்ல்ஸ் அவற்றைக் காதற்பாடல்களில் அமைத்தபோது சபையாரிற் பலர் மனம் நொந்தனர். எனினும் வழி அடைபடவில்லை. போதகர் சி. எல். பிராங்க்ளினின் மகளும் சோல் இசையரசியுமான அரீதா, 1972 சனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் பாப்திஸ்து ஆலயமொன்றில் ஞானப்பாட்டுகளைப் பாடிப் பதிவு செய்தார்.

அச்சபைகளில் வளராத ஒருவர் இவ்விசையைப் பாடினால் அது போலியாகாதா? இக்கேள்விக்கு விடையாக, நம்மவர் அதிகம் அறியாத இசைத்தட்டு ஒன்றைச் சுட்ட விரும்புகிறேன். பம்பாயில் பிறந்து இந்துஸ்தானி இசை பயின்ற ஆஷா புத்லி 1973இல் பாடிய ‘ரைட் டவுன் ஹியர்’ என்பதே அது. அவர் முன்னரே ஆர்னெட் கோல்மனின் ஜாஸ் இசைத்தட்டில் இரு பாடல்கள் பாடியவர். ‘ரைட் டவுன் ஹியர்’ என்னும் பாடலை இயற்றியவர் ஓக்லஹோமாவைச் சேர்ந்த ஜே. ஜே. கேல் என்னும் வெள்ளையர். இசையமைப்பை நெறிப்படுத்தியவர் டெல் நியூமன். தாழ்ந்த சுரக் கிதார் நிதானமாக நடைபோட, அதன்மேல் ஆஷாவின் குரல் மூச்சோடு கலந்து தவழ்கிறது. அரீதாவைப் போல் முழங்க அவர் முயலவில்லை. ஒரு சுரத்திலிருந்து மறுசுரத்திற்கு வழுக்கிச் செல்லும் தம் பயிற்சியை விட்டுவிடவுமில்லை. அதனாலேயே அது போலியாகவில்லை என்பது என் துணிபு. இந்தியாவில் அப்பாடல் பெரிதும் பேசப்படாமற்போனது வருந்தத்தக்கது; 2022இல் அவர் பாடல்களின் தொகுப்பு ஒன்று வெளிவந்தபின் சிலர் தேடிக் கேட்கின்றனர்.

நமக்கு இது புதிதன்று. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) ஜெர்மானிய மிஷனெரிமாரிடம் விசுவாசத்தைக் கற்றார். பாடியதோ கருநாடக இராகங்களில். பெற்றதைத் தம் தொண்டையால் பாடினார்.

படப்பையில் எம் ஞாயிறு மாலை ஜெபக்கூட்டத்திற்கு ஒரகடம் தொழிற்சாலைகளின் இளைஞர் கிதாரோடு வருகின்றனர். பாடும்போது தமிழ்ச் சொற்களையும் அமெரிக்கர் போல் நாவைச் சுழற்றி உச்சரிக்கின்றனர். மூத்தோர் சிலர், கிதாரையே விலக்கவேண்டும் என்கின்றனர். அதை நான் ஏற்கவில்லை. முதல் வாரம் வாத்தியமின்றிப் பாடச் சொன்னேன். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த பையன் ஒருவன், தன் ஊர் நடவுப்பாட்டின் இழுவையோடு ‘ஆண்டவரே’ என்று எடுத்தான். கிதாரை மறுவாரம் அவனுடைய சுருதிக்கே கூட்டினார்கள்.