பந்தயக் காருக்குச் சாமான் விற்கிறீர்களா? லேபலைப் பாருங்கள்

ஏப்ரல் பிறந்தால் நுவரெலியாவில் குளிரோடு கார்ச் சத்தமும் சேர்ந்துகொள்ளும். மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934இல் ஆரம்பமானது. அதில் ஓடுபவர்கள் எல்லோரும் பெரும் தனவந்தர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். சம்பளத்துக்கு வேலை செய்பவரும் சிறு கராஜ் வைத்திருப்பவரும் உண்டு. இவர்கள் சாமான் தேடி வருவது நம்மைப் போன்றவர்களின் கடைகளுக்குத்தான். பந்தயம் ஓடத் தெரியாத உனக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்ட வேலை.

சில வருடங்களுக்கு முன் நண்பரொருவரின் மகன் கடைக்கு வந்து பந்தய சீட் பெல்ட் கேட்டார். ஜப்பானிலிருந்து வந்த பாவித்த சாமான்களோடு ஆறு பட்டிகள் கொண்ட பெல்ட் ஒன்று கிடந்தது. அழுக்கில்லை, கிழிசலில்லை. புதியதின் பாதி விலைக்கும் குறைவாகக் கொடுத்தேன். போட்டிக்கு முதல் நாள் காரைப் பரிசோதித்த அதிகாரி, பெல்ட்டை இழுத்துக்கூடப் பார்க்கவில்லையாம். லேபலைத் திருப்பி டோர்ச் அடித்தார். அதில் பொறிக்கப்பட்டிருந்த ஆண்டு கடந்துபோயிருந்தது.

“சாச்சா, ஒரு நூல்கூட அறுந்திருக்கவில்லை, ஆனாலும் ஓட விடமாட்டோம் என்கிறார்கள்” என்று இரவு போன் வந்தது. எனக்கும் அந்த அதிகாரி மீதுதான் கோபம் வந்தது. பெல்ட்டின் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். நுழைவுக் கட்டணம், டயர், தங்குமிடச் செலவு எல்லாம் அந்தப் பிள்ளையின் தலையில். விசாரித்துப் பார்த்தபோதுதான் தவறு என்னுடையது என்று விளங்கியது.

சர்வதேச மோட்டார் வாகன சம்மேளனமான எப்.ஐ.ஏ. அங்கீகரித்த பெல்ட்டில், எந்த ஆண்டுக்குப் பின் செல்லாது என்று லேபலிலேயே இருக்கும். தயாரித்ததிலிருந்து சுமார் ஐந்து வருடம்; அந்த ஆண்டு டிசம்பர் 31உடன் அதன் ஆயுள் முடிகிறது. இப்போதைய தரம் 8853-2016. அமெரிக்காவின் எஸ்.எப்.ஐ. 16.1 லேபல் கொண்டதென்றால் இரண்டே வருடம். வெயிலும் வியர்வையும் பட்டியின் நாரைப் பலவீனமாக்குவது கண்ணுக்குத் தெரியாது. விபத்தொன்றில் ஒருமுறை இழுபட்ட பெல்ட் புதியது போலவே இருக்கும், ஆனால் அதன் வேலை முடிந்துவிட்டது. பாவித்த பெல்ட் எந்தக் காரிலிருந்து கழற்றப்பட்டது என்று நம்மில் யாருக்குத் தெரியும்?

சீட்டும் அப்படித்தான். 8855-1999 தரத்துச் சீட்டுக்கு ஐந்து வருடம், 8862-2009 தரத்துக்குப் பத்து வருடம். பிஸ்கட் பெட்டியின் திகதியைப் பார்க்கும் நாம் இதைப் பார்ப்பதில்லை.

ஹெல்மெட்டில் வேறொரு தவறு நடக்கிறது. ஸ்னெல் நிறுவனத்தின் ஸ்டிக்கர் இருந்தால் போதுமென்று நினைக்கிறோம். ‘எம்’ என்ற எழுத்து மோட்டார் சைக்கிளுக்கு, ‘எஸ்.ஏ.’ என்பது கார்ப் பந்தயத்துக்கு. எஸ்.ஏ. 2020 போன்ற ஹெல்மெட்டின் உட்புறம் தீ பற்றுவதைத் தாங்க வேண்டும். ரோல் கேஜ் கம்பியில் தலை மோதுவதற்கும் சோதனை உண்டு. மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டுக்கு இவை இல்லை. விலை வித்தியாசத்துக்குக் காரணம் அதுவே.

ரோல் கேஜ் விடயத்தில் வெல்டிங் செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. எப்.ஐ.ஏ. விதிப்படி பிரதான வளைவுக்கு மூட்டில்லாத உருக்குக் குழாய் வேண்டும். வெளிவிட்டம் 45 மி.மீ. என்றால் தடிப்பு 2.5 மி.மீ., 50 என்றால் 2 மி.மீ. தண்ணீர்க் குழாயை வளைத்து பெயின்ட் அடித்துவிட்டால் தெரியாது என்று நினைப்பவர்கள் உண்டு. அமெரிக்காவின் எஸ்.சி.சி.ஏ. கழகம், தடிப்பை அளக்கவென்றே குழாயில் சிறு துளை வைக்கச் சொல்கிறது. தீயணைப்புச் சிலிண்டரைப் பிளாஸ்டிக் பட்டியால் கட்டுவதும் செல்லாது. உலோகப் பட்டி வேண்டும், சிலிண்டரை இரண்டு வருடத்துக்கொரு முறை பரிசோதிக்க வேண்டும். ஒவ்வொரு போட்டிக்கும் தனி விதிக்கோவை இருப்பதால், வாடிக்கையாளர் அதைக் கையில் கொண்டுவந்தால் இரு தரப்புக்கும் வேலை இலகு.

2024 ஏப்ரல் 21இல் தியத்தலாவை பொக்ஸ் ஹில் போட்டியில் கார் ஒன்று பாதையை விட்டு விலகிக் கூட்டத்துக்குள் பாய்ந்து ஏழு பேர் மாண்டனர். அது பெல்ட்டினால் வந்த விபத்தல்ல. என்றாலும் அந்தப் படங்களைப் பார்த்த பிறகு, லேபல் பார்க்கும் அதிகாரியைக் கெடுபிடிக்காரர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போது என் கடையில் பந்தய பெல்ட்டை மொத்தமாக வாங்கி வைப்பதில்லை. ஓடர் வந்தால் மட்டும், குறைந்தது நான்கு வருடம் பாக்கியுள்ளதாக எடுக்கிறேன். லேபலின் ஆண்டையும் தர இலக்கத்தையும் பில்லில் எழுதி வாங்குபவரிடம் கையெழுத்தும் எடுக்கிறேன். பெயர்போன கம்பனிகளின் போலி லேபல்களும் சந்தையில் இருப்பதால் இது எனக்கும் பாதுகாப்பு.

பழைய பெல்ட்கள் ஏழெட்டு இன்னும் மேல்தட்டில் கிடக்கின்றன. காருக்கு அழகாகப் போடக் கேட்கிறார்கள் என்று வைத்திருந்தேன். போன மாதம் ஒருவர் வந்து, இரட்டை விலை தருகிறேன், லேபலில் ஆண்டை மட்டும் சுரண்டிக் கொடுங்கள் என்றார். தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டு, பையனைக் கூப்பிட்டு எல்லாப் பட்டிகளையும் குறுக்கே வெட்டச் சொன்னேன்.