கொடிமலை ரயிலை இழுப்பது எது?

பள்ளி விடுமுறைக்கு இன்னும் ஒரு வாரம்தான். பினாங்குக் கொடிமலைக்குக் கிளம்பும் மெர்போக், பீடோங் வாசகர்கள் எழுதியிருக்கும் கடிதங்களில் ஒரே குழப்பம்: அது ரயிலா, கேபிள் காரா? எஞ்சின் எங்கே?

பெட்டியில் எஞ்சின் கிடையாது. உச்சி நிலையத்து மோட்டார் ஓர் இரும்பு வடத்தைச் சுழற்றுகிறது. வடத்தின் இரு முனையிலும் ஒவ்வொரு பெட்டி. ஒன்று இறங்கினால்தான் மற்றது ஏறும். ஒரே கயிற்றின் இரு முனையிலும் வாளி கட்டிய கிணற்று ராட்டினம் போலத்தான். இறங்கும் பெட்டியின் கனமே ஏறும் பெட்டிக்குத் துணை. அதனால் ஒன்று வழியில் நின்றால், மற்றதும் நின்றாக வேண்டும்.

இருப்பதோ ஒற்றைத் தண்டவாளப் பாதை. எதிரெதிரே வரும் பெட்டிகள் மோதாதா?

நடுவழியில் பாதை இரண்டாகப் பிரிந்து மறுபடி சேர்கிறது. அங்கே பாதையை மாற்றிவிட ஆள் இல்லை, நகரும் தண்டவாளமும் இல்லை. சூட்சுமம் சக்கரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பக்கச் சக்கரங்கள் இருபுறமும் விளிம்பு வைத்துத் தண்டவாளத்தைக் கவ்வும். மறுபக்கச் சக்கரங்கள் உருளைபோல் தட்டையானவை. ஒரு பெட்டி எப்போதும் இடப்பக்கத் தண்டவாளத்தைக் கவ்வும், மற்றது வலப்பக்கத்தை. பிரிவு வந்ததும் இரண்டும் தானாகவே விலகிவிடும்.

‘1923 முதல் ஓடும் பாரம்பரிய ரயில்’ என்ற விளம்பரத்தை மட்டும் அப்படியே ஏற்க முடியாது. அந்த ஆண்டின் மரப்பெட்டிகள் 1977இலேயே மாற்றப்பட்டன. நடு நிலையத்தில் இறங்கி வேறு பெட்டிக்கு மாறும் பழைய இரு பகுதிப் பாதையமைப்பு 2010இல் மூடப்பட்டது. இன்று ஓடுவது 2011இல் வந்த சுவிட்சர்லாந்துத் தயாரிப்பு. ஒரு பெட்டியில் நூறு பேர் ஏறலாம். வேகமும் வசதியும் கூடின என்பது உண்மை. ஆனால் நூறாண்டைத் தாண்டி நிற்பது வழித்தடமும் வட இழுவை முறையும்தான். பழைய வண்டி முறையையே காத்த ஊரும் உண்டு: சான் பிரான்சிஸ்கோவில் 1947இல் கேபிள் கார்களை ஒழிக்க நகராட்சி முனைந்தபோது, மக்கள் போராடிக் காப்பாற்றினார்கள். அங்கே இன்றும் தெருவுக்கடியில் ஓடும் வடத்தை ஓட்டுநர் இடுக்கியால் பிடித்தும் விட்டும்தான் வண்டியை நடத்துகிறார்.

லங்காவி கேபிள் காரும் கொடிமலை ரயில் வகையா? இல்லை, அங்கே கூண்டுகள் வடத்தில் தொங்கிப் போகின்றன.

பயண நேரம்? பழைய ரயிலில் அரை மணி. இப்போது பத்து நிமிடத்துக்குள்.

எதை மறக்கக் கூடாது? மைகார்டு அடையாள அட்டையை. மலேசியக் குடிமக்களுக்குக் கட்டணம் குறைவு.

எங்கே நிற்பது? முன் கண்ணாடியருகில். பெட்டிகள் விலகுவது சில நொடிகளில் முடிந்துவிடும். பிள்ளைகளை முன்னால் நிறுத்துங்கள்.