முதலில் அறை, பிறகு ஸ்பீக்கர்

ஒரு மைக், ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு கணினி என்று வீட்டிலேயே பாட்டுப் பதிவு தொடங்குகிறவர்கள் சீக்கிரமே ஒரு கேள்விக்கு வந்துவிடுகிறார்கள்: ஸ்டுடியோ மானிட்டரில் 5 இன்ச் வாங்குவதா, 8 இன்ச் வாங்குவதா? கூடத்தில் வைக்கும் ஸ்பீக்கர் பாட்டை இனிமையாகக் காட்டினால் போதும். மானிட்டரின் வேலை வேறு. குரல் மங்கியிருந்தால் மங்கலாகவும், தாளவாத்தியம் மிஞ்சியிருந்தால் மிஞ்சலாகவும் அது காட்டியாக வேண்டும். ஆகவே பெரியதை வாங்கினால் நிறையத் தெரியும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் நம் வீடுகளில் இந்தக் கணக்கு பெரும்பாலும் தவறிப்போகிறது. காதுக்கு வந்து சேரும் ஒலியில், அதிலும் கீழ்ஸ்தாயியில், ஸ்பீக்கரைவிட அறைக்கே பங்கு அதிகம்.

தமிழ்நாட்டு வீடுகளில் இதற்கென்று ஒதுக்கப்படுவது பெரும்பாலும் பத்துக்குப் பத்து அறைதான். கூரையும் பத்தடி உயரத்தை ஒட்டியே இருக்கும். ஒலி ஒரு நொடியில் சுமார் 349 மீட்டர் போகிறது, நம் வெயிலுக்கு இதுதான் கணக்கு. எதிரெதிரே உள்ள இரண்டு சுவர்களுக்கு நடுவே, அந்த இடைவெளியைப் போல இரு மடங்கு நீளமுள்ள அலை சிக்கிக்கொண்டு நின்று முழங்கும். பத்தடிக்கு அது 57 ஹெர்ட்ஸ் வாக்கில் வருகிறது. நீளமும் அகலமும் உயரமும் வேறு வேறாக இருந்தால் இந்த முழக்கம் மூன்று இடங்களில் பிரிந்து போகும். மூன்றும் பத்தடி என்றால் மூன்று முழக்கமும் ஒரே இடத்தில் வந்து விழுகின்றன. ஒலியியலில் சதுரப்பெட்டி அறையைவிட மோசமான வடிவம் இல்லை எனலாம். போதாததற்குச் செங்கல் சுவர், சிமென்ட் பூச்சு, கான்கிரீட் கூரை, வழவழப்பான டைல்ஸ் தரை. அமெரிக்க வீடுகளின் மரச்சட்டச் சுவர் கீழ்ஸ்தாயி ஒலியில் ஒரு பகுதியை வெளியே கசிய விட்டுவிடும், நம் சுவர் அப்படியே திருப்பி அனுப்பும். பேஸ் கிட்டாரின் ‘ஏ’ தந்தி 55 ஹெர்ட்ஸில் ஒலிப்பது, கிட்டத்தட்ட இதே இடத்தில். அறையின் நட்டநடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் அந்தச் சுரம் காணாமல் போகும், சுவரோரம் சாய்ந்தால் அறையே அதிரும். நடுவில் உட்கார்ந்து ‘பேஸ் போதவில்லை’ என்று கூட்டி முடித்த பாட்டு, அடுத்தவர் காரில் திம்திம் என்று இடிப்பதற்குக் காரணம் இதுதான்.

இப்போது அளவுக்கு வருவோம். யமஹாவின் ஹெச்எஸ்8 கீழே 38 ஹெர்ட்ஸ் வரை போகும், அதே வரிசையின் ஹெச்எஸ்5 கீழே 54 ஹெர்ட்ஸ் வரை. நிறுவனமே தரும் கணக்கு இது. ஆனால் அந்த எல்லையில் ஒலி 10 டெசிபல் தணிந்திருக்கும் என்பதையும் அதே கணக்கு சொல்கிறது. அதாவது அறை முழங்கும் 57-ஐ ஒட்டி 8 இன்ச் ஸ்பீக்கர் தாராளமாகத் தள்ளுகிறது, 5 இன்ச் ஏற்கெனவே அடங்கிவிடுகிறது. இன்னொரு காரணம் இதைவிட முக்கியம். சின்ன ஸ்பீக்கரில் கீழ்ஸ்தாயியைத் தரும் ஊஃபரும் மேல்ஸ்தாயியைத் தரும் ட்வீட்டரும் நெருக்கமாக இருப்பதால், ஒரு மீட்டர் தூரத்திலேயே இரண்டும் கலந்து ஒரே ஒலியாகக் கேட்கும். அவ்வளவு கிட்டத்தில் உட்காரும்போது சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியைவிட நேராக வரும் ஒலி ஓங்கி நிற்கிறது. குரலையும் வயலினையும் அப்போது நம்பி எடை போடலாம்.

கடைசிக் கீழ்ச்சுரங்கள் கேட்காதே என்ற ஆட்சேபம் நியாயமானது. அதற்குத்தான் ஹெட்ஃபோன். அதற்கு அறை கிடையாது, ஆகவே அந்தப் பகுதியைச் சரிபார்க்க அது பெரிய ஸ்பீக்கரைவிட நம்பகமானது. அப்படியானால் எல்லாவற்றையும் ஹெட்ஃபோனிலேயே முடித்துவிடலாமே என்றால், முடியாது. அதில் இடது ஒலி இடது காதுக்கு மட்டுமே போகிறது. இரண்டு ஸ்பீக்கரும் இரண்டு காதிலும் கலந்து விழும்போது குரல் எங்கே நிற்கிறது, எதிரொலி எவ்வளவு போதும் என்ற தீர்ப்பு வேறாகிவிடுகிறது.

ஒலிப்பதிவு உலகம் பழகியவர்கள் யமஹா என்எஸ்-10-ஐக் காட்டி வாதாடுவார்கள். 1978-இல் வீட்டு உபயோகத்துக்காக வந்த அந்த வெள்ளைக் கூம்பு ஸ்பீக்கர், உலகமெங்கும் மிக்ஸிங் மேசைகளின் மேல் இடம்பிடித்தது. 2001-இல் உற்பத்தி நின்ற பிறகும் 2008-இல் யமஹாவுக்குத் தொழில்நுட்ப கிராமி விருது வாங்கித் தந்தது. அதன் ஒலி சீரானதல்ல: நடு ஸ்தாயி தூக்கலாக இருக்கும், ஆழ்ந்த பேஸ் இல்லவே இல்லை. என்றால் எதற்காக அறை, சீரான ஒலி என்றெல்லாம் அலட்டிக்கொள்ள வேண்டும்? 2001-இல் வெளியான சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வு பதில் தருகிறது. என்எஸ்-10 அடைத்த பெட்டி. கீழ்ஸ்தாயி ஒலி அதில் இழுபடாமல் சட்டென்று நிற்கிறது. வேகமாக நிற்கும் ஸ்பீக்கர், கிட்டத்தில் வைத்துக் கேட்கும் பழக்கம், பேஸ் குறைவு: மூன்றும் நான் சொல்லும் பக்கமே சாய்கின்றன.

மென்பொருளால் அறையைத் திருத்திவிடலாம் என்பது இன்னொரு நம்பிக்கை. முழங்கும் சுரத்தை மென்பொருள் தணிக்கும், அது உண்மையான உதவி. ஆனால் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் இடத்தில் எவ்வளவு கூட்டினாலும் அழிவும் கூடவே கூடும். சுவரில் ஒட்டும் ஒரு இன்ச் ஃபோமும் முட்டை அட்டையும் அதைவிட ஏமாற்றம். 57 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 6 மீட்டர், அதன் முன்னால் ஒரு இன்ச் ஃபோம் இல்லாததற்குச் சமம். மேல்ஸ்தாயி மட்டும் உறிஞ்சப்பட்டு, அறை மந்தமாகவும் கும்மென்றும் ஆகிவிடும். மூலைகளில் கனமாக அடுக்கிய ராக்வூல் என்ற கல்லிழைப் பஞ்சு, துணி போர்த்திய 4 இன்ச் பலகைகளாகப் பக்கச் சுவர்களில் கொஞ்சம், இவைதான் பலன் தரும். பலகைக்கான இடத்தைக் கண்டுபிடிப்பது சுலபம்: ஒருவர் சுவரோரம் கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போகட்டும், நாற்காலியிலிருந்து பார்ப்பவருக்கு எங்கே ஸ்பீக்கர் தெரிகிறதோ அங்கே மாட்டினால் சரி. 8 இன்ச்சுக்கும் 5 இன்ச்சுக்கும் உள்ள விலை வித்தியாசத்தை இங்கே போடுங்கள்.

கடையில் கேட்டுப் பார்த்தே வாங்குவேன் என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒலியியல் ஆய்வாளர் ஃபிளாய்ட் டூல் கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் நடத்திய சோதனைகளில், ஸ்பீக்கர் எதுவென்று தெரியாமல் கேட்டவர்கள் சீராக ஒலிப்பதையே பெரும்பாலும் விரும்பினார்கள். பின்னர் அவரும் சக ஆய்வாளர் ஷான் ஆலிவும் செய்த சோதனையில், கண்ணால் பார்த்ததும் அந்தத் தீர்ப்பு மாறியது. சத்தம் கொஞ்சம் கூடுதலாக உள்ளதே நன்றாக இருப்பதாகவும் காது ஏமாறும். ஆகவே இரண்டின் சத்தத்தையும் ஒரே அளவில் வைக்கச் சொல்லுங்கள், கண்ணை மூடிக்கொண்டு, நன்கு பழகிய ஒரே பாட்டைக் கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் இரண்டு ஸ்பீக்கரும் தலையும் சமபக்க முக்கோணமாக அமையட்டும், ட்வீட்டர் காது மட்டத்தில் இருக்கட்டும், நாற்காலி அறையின் நடுவைவிட்டு முன்சுவர்ப் பக்கம் கொஞ்சம் தள்ளி இருக்கட்டும். சுவரை ஒட்டி வைக்கத்தான் இடம் என்றால், ஸ்பீக்கரின் பின்னால் பேஸைக் குறைக்கும் சுவிட்ச் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.