வலிப்பு மருந்துகளும் தற்கொலை எண்ணமும்
காக்காய் வலிப்பு எனப்படும் வலிப்பு நோய்க்குப் பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டும். இம்மாத்திரைகள் ஒரு சிலருக்கு மனச்சோர்வையும், அரிதாகத் தற்கொலை எண்ணத்தையும் உண்டாக்கக்கூடும். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2008 சனவரியில் இதுபற்றி எச்சரித்தது. அவ்வாண்டு டிசம்பரில், மருந்துடன் வரும் குறிப்புத்தாளிலும் எச்சரிக்கையைச் சேர்க்க உத்தரவிட்டது.

கார்பமசெபைன், வால்புரோயேட், லெவெடிராசெட்டம், லாமோட்ரிஜின், டோபிரமேட் உட்பட 11 மருந்துகளின் 199 சோதனைகளை அவ்வமைப்பு ஆராய்ந்தது. மருந்து சாப்பிட்டவர்களில் 0.43 சதவீதத்தினரிடமும், மருந்தில்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 0.24 சதவீதத்தினரிடமும் தற்கொலை எண்ணமோ முயற்சியோ காணப்பட்டது. ஏறத்தாழ இரு மடங்கு என்று சொன்னால் யாருக்கும் பயம் வரும். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால், மருந்து சாப்பிடும் 530 பேரில் கூடுதலாக ஒருவர். இந்த மாற்றம் மருந்து தொடங்கிய முதல் வாரத்திலேயே தென்படலாம்.

மருந்து இல்லாவிட்டாலும் வலிப்பு நோயாளிகளிடம் மனச்சோர்வு அதிகம். நோயை மறைத்து வாழ்வதும் அதற்கு ஒரு காரணம். இந்து திருமணச் சட்டத்தில் திருமணத் தடைகளுள் ஒன்றாக இருந்த வலிப்பு 1999-இல் நீக்கப்பட்டது. பெண் பார்க்கும் வீடுகளில் இன்னும் நீங்கவில்லை.

செம்பரம்பாக்கத்தை அடுத்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வரை பரந்துள்ள தொழிற்சாலைப் பகுதியில் இச்சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது. வெளியூர்களிலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கி, மாறி மாறி ஷிப்ட் பார்க்கும் இளைஞர்கள் இங்கு ஏராளம். தூக்கம் கெட்டால் வலிப்பு வரும், மனமும் சோரும். வேலை போய்விடுமோ என்று நோயை மறைப்பவர், தம் சோர்வுக்குக் காரணம் இரவுப் பணியா மாத்திரையா என்று யாரிடமும் கேட்கவும் மாட்டார். எச்சரிக்கையைப் படித்ததும் மாத்திரையை நிறுத்திவிடத் தோன்றும்.

அதுதான் பெரிய ஆபத்து. திடீரென நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து உயிரைப் பறிக்கலாம். இயந்திரத்தின் அருகிலோ இருசக்கர வாகனத்திலோ வந்தால் சொல்ல வேண்டியதில்லை. மருந்தால் வரும் தற்கொலை ஆபத்து மிகக் குறைவென்றும், மருந்தை விடுவதே மோசமானதென்றும் சர்வதேச வலிப்பு எதிர்ப்புக் கழகத்தின் வல்லுநர் குழு 2013-இல் கூறியது. மருத்துவரிடம் சொன்னால் அளவைப் படிப்படியாகக் குறைப்பார், அல்லது வேறு மருந்துக்கு மாற்றுவார்.

காரணமில்லாத எரிச்சல், தூக்கமின்மை, யாரோடும் பேசாமை, சாவைப் பற்றிய பேச்சு ஆகியவற்றை நோயாளியைவிட உடன் தங்கியிருப்பவரே முதலில் கவனிப்பார். அப்போது அவரைத் தனியே விடாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம்.