சியாச்சின் பிணக்கு

சியாச்சின் பிணக்கு என்பது, கிழக்குக் காரகோரம் மலைத்தொடரில் உள்ள சியாச்சின் பனியாற்றையும் அதன் மேற்கே அரணாக நிற்கும் சால்ட்டோரோ மலைமுகட்டையும் குறித்து இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே நிலவிவரும் எல்லைத் தகராறு ஆகும். 1984 ஏப்ரல் 13-இல் தொடங்கிய படை நடவடிக்கையின் பயனாகப் பனியாறு முழுவதும் இந்தியாவின் கட்டுப்பாட்டில் உள்ளது. 2003 நவம்பரில் அறிவிக்கப்பட்ட போர்நிறுத்தத்துக்குப் பின் அங்கே பீரங்கிச் சண்டை ஓய்ந்தது. எனினும் இரு நாட்டுப் படைகளும் தத்தம் நிலைகளை விட்டு இறங்கவில்லை. உலகின் மிக உயரமான போர்க்களம் என்று இவ்விடம் அழைக்கப்படுகிறது. ஊரோ, விளைநிலமோ, சுரங்கமோ இல்லாத இந்தப் பனிவெளிக்காக இரு நாடுகள் ஏன் போரிட்டன என்ற கேள்விக்குரிய விடை, பெரும்பாலும் 1949-இல் ஒரு வரைபடக் கோடு எங்கே நிறுத்தப்பட்டது என்பதில் அடங்கியுள்ளது.

புவியியல்

சியாச்சின் ஏறத்தாழ 76 கி.மீ. நீளமுடையது. துருவப் பகுதிகளுக்கு வெளியே உள்ள பனியாறுகளுள் மிக நீளமானவற்றில் ஒன்று. வடக்கே 5,700 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ள இந்திரா கணவாய் அருகே தோன்றி, தென்கிழக்காக இறங்கி, 3,600 மீட்டர் அளவில் முடிவடைகிறது. அங்கு உருகும் நீரே நூப்ரா ஆறு. அது சியோக் ஆற்றிலும், சியோக் சிந்து நதியிலும் கலக்கின்றன. பால்ட்டி மொழியில் "சியா" என்பது ஒருவகைக் காட்டு ரோசாவைக் குறிக்கும். ரோசாக்கள் மிகுந்த இடம் என்பதே சியாச்சின் என்ற பெயரின் பொருள். பனியாற்றுக்குக் கீழேயுள்ள பள்ளத்தாக்கில் பூக்கும் அச்செடிகளைக் காணாதவர்களுக்கு இப்பெயர் வியப்பளிக்கக் கூடும்.

இந்திரா கணவாயின் பெயர் இந்திரா காந்தியைக் குறிப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. 1912-இல் இப்பனியாற்றை ஆராய்ந்த அமெரிக்க மலையேறிகளான ஃபேன்னி புல்லக் வொர்க்மன், வில்லியம் ஹண்டர் வொர்க்மன் தம்பதியினர், திருமகளின் பெயர்களுள் ஒன்றைத் தேர்ந்து அதற்குச் சூட்டினர். பெண்களுக்கு வாக்குரிமை கோரும் செய்தித்தாளை விரித்துப் பிடித்தபடி ஃபேன்னி ஒளிப்படம் எடுத்துக்கொண்டதும் இப்பயணத்தில்தான்.

கோடு நின்ற இடம்

1947-48 போருக்குப் பின், 1949 சூலை 27-இல் கையெழுத்தான கராச்சி உடன்பாடு காசுமீரில் போர்நிறுத்தக் கோட்டை வரையறுத்தது. அக்கோடு வரைபடத்தில் என்ஜே 9842 எனக் குறிக்கப்பட்ட புள்ளி வரை வந்து நின்றுவிட்டது. அதற்கு அப்பால், அங்கிருந்து வடக்கே பனியாறுகளை நோக்கிச் செல்லும் என்று மட்டுமே உடன்பாட்டில் எழுதப்பட்டது. சீன எல்லை வரை எஞ்சியிருந்த 60 கி.மீ.க்கும் மேற்பட்ட தொலைவு வரையறுக்கப்படவில்லை. மனிதர் செல்லாத, படைகள் நிற்கவே இயலாத இடத்தில் கோடு எதற்கு என்று இரு தரப்பும் கருதின. 1972-இல் சிம்லா உடன்பாட்டை அடுத்துக் கட்டுப்பாட்டுக் கோடு வகுக்கப்பட்டபோதும் அதே புள்ளியிலேயே வேலை நிறுத்தப்பட்டது.

இந்த ஒரு சொற்றொடருக்கு இரு நாடுகளும் வெவ்வேறு பொருள் கொள்கின்றன. நீர்பிரி மேட்டைத் தொடர்ந்து, அதாவது சால்ட்டோரோ முகட்டின் வழியே கோடு செல்கிறது என்பது இந்தியாவின் வாதம். என்ஜே 9842-இலிருந்து வடகிழக்காகக் காரகோரம் கணவாய்க்குச் செல்கிறது என்பது பாகிஸ்தானின் வாதம். உடன்பாட்டில் உள்ள சொல் "வடக்கு" என்பதால், வடகிழக்கு என்னும் விளக்கம் அச்சொல்லோடு பொருந்துவது கடினம். அதே வேளையில் சால்ட்டோரோவின் பெயரும் அவ்விடத்தில் கூறப்படவில்லை என்பதையும், நேர் வடக்கே இழுக்கப்படும் கோடு அம்முகட்டை ஒட்டிச் செல்லாது என்பதையும் கருத வேண்டும்.

மலையேற்றமும் வரைபடங்களும்

1960களின் இறுதியிலிருந்து வெளியான சில அமெரிக்க வரைபடங்கள், எந்த உடன்பாட்டிலும் இல்லாத வகையில், கோட்டைக் காரகோரம் கணவாய் வரை நீட்டிக் காட்டின. உலகின் பிற நிலப்படங்களும் அதைப் பின்பற்றின. 1970களில் இப்பகுதிச் சிகரங்களில் ஏற விரும்பிய வெளிநாட்டுக் குழுக்கள் பாகிஸ்தானிடம் அனுமதி பெற்றே சென்றன. அனுமதி வழங்குபவரே உரிமையாளர் என்ற எண்ணம் இதனால் வளர்ந்தது.

ஒரு ஜெர்மானியப் பயணியிடம் இத்தகைய வரைபடமொன்றைக் கண்ட இந்தியத் தரைப்படை அலுவலர் நரேந்திர குமார், 1978-இல் ஒரு குழுவுடன் பனியாற்றில் ஏறி டெராம் காங்ரி 2 சிகரத்தை அடைந்தார். 1981-இல் மீண்டும் சென்று பனியாற்றை முழுமையாகக் கடந்தார். 1983-இல், கணவாய்களைக் கைப்பற்றப் பாகிஸ்தான் ஆயத்தமாவதாக இந்தியாவுக்குத் தகவல் கிடைத்தது. இரு நாடுகளும் ஒரே இலண்டன் வணிகரிடம் கடுங்குளிர் ஆடைகளை வாங்கச் சென்றதால் செய்தி கசிந்ததாகக் கூறப்படுவது உண்டு.

மேகதூதம்

1984 ஏப்ரல் 13 அன்று, சீட்டா ஹெலிகாப்டர்கள் இந்திய வீரர்களைச் சிறு சிறு குழுக்களாகப் பிலாஃபோண்ட் கணவாய் அருகே இறக்கின. சில நாட்களில் சியா கணவாயும் கைப்பற்றப்பட்டது. மேகத்தை இமயத்துக்குத் தூது விடும் காளிதாசரின் காவியத்தை ஒட்டி இந்நடவடிக்கைக்கு மேகதூதம் எனப் பெயரிடப்பட்டிருந்தது. பின்னர் வந்த பாகிஸ்தான் படைகளால் முகட்டைக் கைப்பற்ற முடியவில்லை. 1987-இல் 6,400 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் இருந்த பாகிஸ்தானின் காயித் காவல்நிலையைக் கைப்பற்றியமைக்காகப் பாணா சிங் பரம வீர் சக்கரம் பெற்றார். அந்நிலை இன்று அவர் பெயரால் வழங்குகிறது.

சியாச்சினில் இரு படைகளும் எதிரெதிரே நிற்பதாகவே பொதுவாக எண்ணப்படுகிறது. உண்மையில் பாகிஸ்தானின் நிலைகள் சால்ட்டோரோவின் மேற்குச் சரிவுகளில் உள்ளன. அங்கிருந்து பனியாறு கண்ணுக்கே தெரியாது. போர் நடந்தது பனியாற்றில் அன்று, அதன் மேற்கு முகட்டில்.

போர்முறை முக்கியத்துவம்

1963-இல் பாகிஸ்தான் சக்சுகம் பள்ளத்தாக்கைச் சீனாவுக்கு விட்டுக்கொடுத்தது. கிழக்கே அக்சாய் சின் சீனாவின் பிடியில் உள்ளது. இவ்விரண்டுக்கும் நடுவே ஆப்புப் போலச் சியாச்சின் அமைந்துள்ளது. அது பாகிஸ்தானிடம் இருந்தால் நூப்ரா பள்ளத்தாக்கும், அதன் வழியே லேயும் அச்சுறுத்தலுக்கு உள்ளாகும் என்பது இந்தியாவின் முதன்மையான வாதம். 2020-இல் கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படைகளுடன் நிகழ்ந்த மோதலுக்குப் பின் இவ்வாதம் மேலும் வலுப்பெற்றது. மாறாக, இங்கிருந்து காரகோரம் நெடுஞ்சாலையைத் தாக்கலாம் என்று கூறப்படுவது ஏற்கத்தக்கதன்று. அச்சாலை நூறு கி.மீ.க்கும் மேல் மேற்கே, பெரும் மலைகளுக்கு அப்பால் உள்ளது. பெரும்படை எதுவும் இப்பனிவெளியைக் கடந்து வர இயலாது என்பதால், இதன் மதிப்பே மிகைப்படுத்தப்பட்டது என்று கருதும் படைத்துறை அறிஞர்களும் இந்தியாவில் இருந்துள்ளனர்.

ஆயினும் பிடித்துவைத்திருப்பதே ஒரு மதிப்பை உண்டாக்கிவிட்டது. 1999-இல் பாகிஸ்தான் படைகள் கார்கில் முகடுகளில் ஏறியதன் நோக்கங்களுள் ஒன்று, சிறிநகர்-லே சாலையைத் துண்டித்துச் சியாச்சினுக்குச் செல்லும் வழங்கலை நிறுத்துவது ஆகும்.

படைவிலக்கப் பேச்சுக்கள் 1986-இல் தொடங்கின. 1989-இல் உடன்பாடு நெருங்கியது போலத் தோன்றிப் பின் நழுவியது. தற்போதைய நிலைகளை முதலில் வரைபடத்தில் குறித்து இருவரும் ஒப்பமிட வேண்டும் என்கிறது இந்தியா. இறங்கிய பின் மறுதரப்பு ஏறிவிட்டால், மீண்டும் கைப்பற்றுவது ஏறத்தாழ இயலாது என்பதே அதன் அச்சம். அவ்வாறு குறிப்பது 1984 நடவடிக்கையை ஏற்பதாகிவிடும் என்கிறது பாகிஸ்தான். 2025 ஏப்ரலில், சிம்லா உடன்பாடு உள்ளிட்ட இருதரப்பு உடன்பாடுகளை நிறுத்திவைக்கும் உரிமை தனக்கு உண்டு எனப் பாகிஸ்தான் அறிவித்ததால், பேச்சுக்கான அடிப்படையே கேள்விக்குறியானது.

உயிரிழப்புகள்

இங்கே குண்டுகளைவிடக் குளிரும் உயரமும் பனிச்சரிவுமே மிகுதியானோரைக் கொன்றுள்ளன. குளிர்காலத்தில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 50 பாகை செல்சியசு வரை இறங்கும். 6,000 மீட்டர் உயரத்தில் ஒருவருக்குக் கிடைக்கும் ஆக்சிசன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் பாதியளவே. குடிநீருக்கும் மண்ணெண்ணெய் அடுப்பில் பனியை உருக்க வேண்டும். 1984 முதல் 2015 வரை 869 தரைப்படையினர் சியாச்சினில் இறந்ததாக இந்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. 2012 ஏப்ரல் 7-இல் கயாரி முகாமைப் பனிச்சரிவு மூடியதில் பாகிஸ்தான் தரப்பில் 140 பேர் இறந்தனர். அதையடுத்து, படைகளை விலக்கிக்கொள்ள வேண்டும் என்று அந்நாட்டின் தரைப்படைத் தளபதி கயானி வெளிப்படையாகக் கூறினார்.

2016 பிப்ரவரி 3-இல் ஏறத்தாழ 6,000 மீட்டர் உயரத்தில் இருந்த சோனம் காவல்நிலையில், மதராசு படைப்பிரிவின் 19-ஆம் அணியைச் சேர்ந்த 10 வீரர்கள் பனிச்சரிவில் புதைந்தனர். அவர்களுள் நால்வர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். ஆறு நாட்களுக்குப் பின் ஒருவர் உயிருடன் மீட்கப்பட்டார். அவரும் சில நாட்களில் தில்லி மருத்துவமனையில் இறந்தார்.

1984 மே மாதம் மேகதூத நடவடிக்கையின்போது பனிச்சரிவில் காணாமற்போன குமாவோன் படைப்பிரிவு வீரர் ஒருவரின் உடல் எச்சங்கள், 38 ஆண்டுகளுக்குப் பின், 2022 ஆகத்து மாதத்தில் கண்டெடுக்கப்பட்டன. படை எண் பொறித்த அடையாளத் தகட்டைக் கொண்டே அவர் இன்னார் என உறுதிசெய்யப்பட்டது.