பிரேக் ஆயில் எண்ணெய் அல்ல

ரயிலே இல்லாத தீவில் குடியேறிய ரயில்வேக்காரன் நான். ஆகவே சங்கத்து நண்பர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் கார் பிரேக்கைப் பற்றித்தான்.

ரயிலில் காற்றுதான் வேலைக்காரன். ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869-இல் ஏர் பிரேக்கிற்குக் காப்புரிமை பெற்றார். பிறகு அவரே செய்த திருத்தத்தால், குழாய் அறுந்து காற்று வெளியேறினால் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். காரில் கதை நேர்மாறு. திரவம் அமுக்கினால் சுருங்காது, காற்று சுருங்கும். குழாயில் குமிழி புகுந்தால் காலின் பலமெல்லாம் அதைச் சுருக்குவதிலேயே போய்விடும். பெடல் பஞ்சாக அமுங்கும்.

பிரேக் ஆயில் என்று சொல்கிறோமே தவிர, அது எண்ணெயே அல்ல. பெரும்பாலான கார்களில் இருப்பது ஈரத்தை உறிஞ்சும் கிளைகால் வகைத் திரவம். ஆயில்தானே என்று எஞ்சின் ஆயிலை ஊற்றினால் உள்ளேயுள்ள ரப்பர்கள் ஊதிக் கெட்டுவிடும். டாட் 3 வகை, புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி சென்டிகிரேட் வரை கொதிக்காது. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 4-க்கு இவை 230, 155.

மே முதல் டிசம்பர் வரை மழை பார்க்கும் நமது தீவுகளில் சொல்லவும் வேண்டுமா? 2021-இல் மவுண்ட் மணிப்பூர் என்று பெயர் மாறிய மவுண்ட் ஹாரியட்டிலிருந்து குடும்பத்தோடு இறங்குகிறீர்கள், வழியெல்லாம் பிரேக்கை மிதித்தபடி. சூட்டில் அந்தத் தண்ணீர் ஆவியாகிறது. ஆவியும் சுருங்கும், பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. ஆறியபின் மெக்கானிக்கிடம் காட்டினால் பெடல் ஒழுங்காகவே இருக்கும்! இறக்கத்தில் இரண்டாவது கியரில் வாருங்கள். இரண்டு வருடத்துக்கொரு முறை ஆயிலை மாற்றுங்கள். சீல் உடைக்காத சிறிய டின்னாக வாங்குங்கள். மிச்சத்தை அடுத்த வருடத்துக்கென்று அலமாரியில் வைக்காதீர்கள்.

காற்றெடுக்க இரண்டு பேர் வேண்டும். வீட்டம்மா பெடலை மிதித்து, "பிடிச்சிட்டேன்" என்று சொன்ன பிறகே நீங்கள் நிப்பிளைத் திறக்கவேண்டும். நிப்பிளை மூடி, நீங்கள் "விடு" என்று சொல்லும்வரை அவர் காலை எடுக்கக்கூடாது. எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போகும். நிப்பிளில் மாட்டிய குழாயின் மறுமுனை ஆயிலில் மூழ்கியிருக்கட்டும். பொதுவாக, தூரத்திலுள்ள இடது பின்சக்கரத்தில் ஆரம்பிப்பது வழக்கம். வண்டிக் கையேடு வேறு விதமாகச் சொன்னால் அதன்படி செய்யுங்கள். மேலேயுள்ள டப்பா காலியாகவே கூடாது. வெளியே வந்த ஆயிலைத் திரும்ப ஊற்றக்கூடாது. பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், பெயின்டைத் தின்றுவிடும். ஏ.பி.எஸ். உள்ள சில வண்டிகளுக்குத் தனிக் கருவி தேவை. அவற்றை ஒர்க்ஷாப்பிலேயே விடுங்கள்.

முடித்தபின் எஞ்சினை ஓடவிட்டு, பெடலை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மெல்ல மெல்ல இறங்கினால் எங்கோ கோளாறு. அந்த வண்டி மெக்கானிக்கிடம் போகட்டும், ஓட்டிக்கொண்டு அல்ல, கட்டி இழுத்துக்கொண்டும் அல்ல, லாரியில் ஏற்றி.