உட்கார்ந்த உத்தியோகம்

தட்டச்சும் சுருக்கெழுத்தும் பயின்றுகொண்டு வடக்கே ரயிலேறிய தமிழர் சென்ற தலைமுறையில் அநேகர். அன்று தட்டச்சுப் பொறி இருந்த மேஜையில் இன்று கணிப்பொறி இருக்கிறது. பொறி மாறியதே தவிர நாற்காலி மாறவில்லை. முன்பாவது ஒரு கோப்பைத் தேடி அலமாரி வரையில் நடக்க வேண்டியிருந்தது. இப்பொழுது அதற்கும் அவசியமில்லை. ‘வெயில் படாத வேலை’ என்று ஊரில் பெருமையாகச் சொல்லப்படும் இவ்வுத்தியோகம் உடலுக்கு என்ன செய்கிறது?

இதனைக் கணக்கெடுத்துக் காட்டியவர்களுள் முக்கியமானவர் ஜெரி மாரிஸ் என்னும் பிரிட்டிஷ் மருத்துவர். லண்டன் மாடி பஸ்களில் ஓட்டுநர் நாள் முழுதும் அமர்ந்திருப்பார். நடத்துநரோ சீட்டுக் கொடுப்பதற்காகப் படியேறி இறங்கிக்கொண்டே இருப்பார். ஓட்டுநர்களைவிட நடத்துநர்களிடையே இருதய நோய் குறைவு என்பதை மாரிஸ் 1953ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஓட்டுநர் வேலைக்குச் சேரும்போதே பருத்தவராயிருந்திருக்கலாமே என்று ஐயுறுவது நியாயமே. மாரிஸ் சீருடைகளின் இடுப்பளவையே எடுத்து ஆராய்ந்தார். ஓட்டுநர்கள் இளவயதிலேயே சற்றுப் பருத்திருந்தது உண்மைதான். ஆயினும் ஒல்லியானவர்களை மட்டும் ஒப்பிட்டபோதும் திடீர் மரணம் ஓட்டுநரிடையே அதிகமாயிருந்தது.

நமக்கு அண்மையில் நடந்த ஆராய்ச்சி ஒன்றும் உண்டு. மேற்கு வங்காளத்துச் சணல் ஆலை ஒன்றில், பாரம் சுமப்போர் முதல் குமாஸ்தா வரையில் இருநூறுக்கு மேற்பட்டோரின் உணவையும் எடையையும் ஜீன் மேயர் முதலியோர் கணக்கிட்டு, 1956இல் வெளியிட்டனர். வேலை குறையக் குறைய உணவும் குறைந்து வந்தது. ஆனால் ஓர் எல்லைக்குக் கீழே இக்கணக்குப் பிறழ்ந்துவிட்டது. உட்கார்ந்தே இருந்தவர்கள், இலேசான வேலை செய்தவர்களைக் காட்டிலும் மிகுதியாக உண்டார்கள். எடையும் அவர்களுக்கே அதிகம். ஆகவே வேலை குறைந்தால் பசியும் தானே குறையும் என்று நம்பியிருப்பதற்கில்லை. ஏர் பிடித்த பாட்டனார் உண்ட அளவு சோற்றை, விசைகளைத் தட்டும் பேரனின் வயிறும் கேட்கும்.

நடக்கும்பொழுது கெண்டைக்கால் தசை சுருங்கிச் சுருங்கி இரத்தத்தை மேல்நோக்கித் தள்ளுகிறது. நாற்காலியில் அது ஓய்ந்துவிடவே, இரத்தம் காலில் தேங்குகிறது. சிலருக்கு ஆழ்ந்த நாளங்களில் அது உறைந்து, அக்கட்டி நுரையீரலை அடைத்து உயிருக்கே ஆபத்தாகிறது. 1940இல் விமானத் தாக்குதலுக்கு அஞ்சி, லண்டன் பதுங்கிடங்களில் இரவெல்லாம் சாய்வு நாற்காலியில் அமர்ந்திருந்தோர் சிலர் இவ்வாறு மாண்டனர். தில்லியிலிருந்து சென்னைக்கு முப்பது மணி நேரம் ரயிலில் வருவோர் இதனை நினைவிற்கொண்டு அவ்வப்போது எழுந்து நடப்பது நலம்.

அசையாத தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையையும் போதிய அளவு ஏற்பதில்லை. மேல்நாட்டார் கண்ணுக்குப் பருமனாகத் தோன்றாத உடலிலும் நம் நாட்டவர்க்கு நீரிழிவு வந்துவிடுகிறது. அதனால்தான் நம்மவரில் ஆடவர்க்கு இடுப்பளவு 90 சென்டிமீட்டரையும் பெண்டிர்க்கு 80 சென்டிமீட்டரையும் எட்டினாலே எச்சரிக்கை வேண்டுமென்கிறார்கள்.

காலையில் அரைமணி நேரம் பூங்காவில் நடந்தால் போதாதா? பயனுண்டு, ஆனால் முழுக் கடனும் தீர்ந்துவிடாது. பத்து லட்சத்துக்கு மேற்பட்டோரைப் பற்றிய விவரங்களைத் திரட்டி 2016இல் வெளியான ஆராய்ச்சியின்படி, எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்காருவதால் கூடும் மரண அபாயத்தை நீக்க, நாள்தோறும் 60 முதல் 75 நிமிடம் விரைந்து நடப்பது போன்ற உழைப்பு தேவைப்படுகிறது. நெடுந்தூரம் பஸ்ஸிலும் ரயிலிலும் பயணம் செய்து வேலைக்குப் போகும் நகரவாசிக்கு இது எளிதன்று. அத்தகையவர் தொடர்ந்து உட்காராமலாவது இருக்க வேண்டும். இருபது நிமிடத்திற்கொரு முறை இரண்டு நிமிடம் நடந்தாலே உணவுக்குப்பின் ஏறும் சர்க்கரை குறைகிறதெனச் சோதனையில் கண்டிருக்கிறார்கள்.

தண்ணீர்க் கூஜாவை மேஜையின் மீது வைக்காமல் எட்ட வையுங்கள். தொலைபேசி வந்தால் நின்றுகொண்டு பேசுங்கள். அடிக்கடி எழுந்தால் மேலதிகாரி முகம் சுளிப்பாரோ என்னும் அச்சம், வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவருக்கு இயல்பே. ஆனால் காப்பிக்கு ஆளை அனுப்பாமல் தாமே படியிறங்கிப் போய் வருவதை எந்த அதிகாரியும் தடுக்கமாட்டார்.